பிடிக்காதவர்தான் வாசிக்க வேண்டும்

‘மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்’ என்று பெற்ற தாய்க்கு மின்னஞ்சல் எழுதிய மகனுக்கு,

நீ அனுப்பிய கவிதை வந்து சேர்ந்தது. பெயர், ஊர், வேலை பார்க்கும் கல்லூரி, இதுவரை வேறெங்கும் வெளிவராதது என்ற உறுதிமொழி, எல்லாம் முறையாக இருந்தன. கைப்பேசி எண்கூடக் கொடுத்திருந்தாய், என்னிடம் அது இல்லாததுபோல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் சின்ன இதழ் இது. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் தயாராகிறது. அதே மேசையில் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவன் நீ. அதையெல்லாம் மறந்தவன்போல ‘தங்கள் மேலான பரிசீலனைக்கு’ என்று எழுதியிருந்ததைப் பார்த்துச் சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டுக் கவிதையைத் திறந்தேன். அதற்குப் பிறகு அடுப்பில் குழம்பு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை.

வருகிற படைப்புகளுக்கு, ஏற்கிறோம் அல்லது ஏற்க இயலவில்லை என்று இரண்டு வரியில் பதில் போடுவது எங்கள் வழக்கம். உனக்கும் அப்படியே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்து பார்த்தேன். முடியவில்லை. உன் கவிதை அப்பாவைப் பற்றியது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களைப் பற்றியது. அதில் நானும் வருகிறேன். மூச்சுக்குத் திணறும் கணவனின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ எழுதிய கவிதைக்குப் பிழை திருத்திக்கொண்டிருக்கும் பெண்ணாக வருகிறேன். அதை நம் இதழில் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவளும் நானே. எப்படி முடிவு செய்தேன் என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இன்னொரு காரணமும் உண்டு. நீ இப்போது மதுரையில் தமிழ் நடத்துகிறாய், கவிதை எழுதுகிறாய். நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியிருக்கும் இணைய இதழில் கவிதைப் பகுதியை நீதான் பார்த்துக்கொள்ளப் போகிறாய் என்று கவுஸ் சார் சொன்னார். என்னோடு சேர்ந்து இந்த இதழை ஆரம்பித்தவர், நீ மாமா என்று கூப்பிடுகிறவர், அவருக்குத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது. போகட்டும். உன் அப்பா மாதிரி மின்வாரியத்தில் சேர்ந்து நிம்மதியாக இருந்திருக்கலாம். நீயும் என்னைப்போலப் பாடம் நடத்துவது, மற்றவர்கள் எழுதியதைப் பார்ப்பது, சொந்தமாக எழுதுவது என்ற இந்த மூன்று வேலையையும் ஒரே உடம்பில் கட்டிக்கொண்டு அலையப் போகிறாய். அதனால் எனக்குத் தெரிந்த சிலவற்றையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை இதழிலேயே போடலாம் என்று கவுஸ் சார் நிச்சயம் கேட்பார். எனக்கு ஆட்சேபம் இல்லை. உனக்கு இருந்தால் சொல்.

என்னுடைய நாள் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். காலையில் கீழ்பென்னாத்தூர் பஸ். உட்கார இடம் கிடைத்தால் பையிலிருந்து கவிதைகளை எடுத்துவிடுவேன். பௌர்ணமி நாட்களில் கிரிவலத்துக்கு வந்தவர்கள் ஊர் திரும்பும் கூட்டத்தில் நிற்கவே இடம் இருக்காது, அன்றைக்குக் கவிஞர்களுக்கு விடுமுறை. பிறகு நாள் முழுவதும் பள்ளிக்கூடம். மாலையில் வந்து சோறு வடித்துவிட்டு மேசையில் உட்கார்ந்தால், அப்பா இருந்தவரை, எதிரில் உட்கார்ந்து முகவரி ஒட்டுவார். அவர் வாழ்நாளில் ஒரு கவிதையையும் முழுதாகப் படித்தவரில்லை. அட்டையைத் திருப்பி இரண்டு வரி பார்ப்பார். “இன்னா டீச்சரம்மா, இந்த தபா யாரு செத்தாங்க? உங்க புக்குல யாராவது செத்துகினே இருக்காங்களே” என்பார். நான் முறைப்பேன். ஆனால் அதற்குப் பிறகு சாவுக் கவிதை எதை எடுத்தாலும் இந்தச் சாவு தேவையா என்று ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் எடுப்பேன். அதை அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தலைமேல் ஏறி உட்கார்ந்திருப்பார்.

இந்த ஊரில் இதழ் நடத்துவதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. உனக்கு மதுரையில் அது இருக்காது. இங்கே வந்து பத்து நாள் தங்குகிறவர்கள் எல்லோரும் மலையைப் பற்றிக் கவிதை எழுதுகிறார்கள். செங்கம் சாலையில் அறை எடுத்துத் தங்கிய ஒரு பெங்களூர்க்காரர் ஒருமுறை கட்டுக்கட்டாக எழுதி நேரிலேயே கொண்டுவந்து கொடுத்தார். எல்லாவற்றிலும் மலை மௌனமாக இருந்தது. நான் காபி மட்டும் கொடுத்தேன். கவுஸ் சார்தான், “சார், இவ்ளோ மௌனம் ஜாஸ்தி. நாங்க இந்த மலைக்குக் கீழதான் வெங்காயம் வாங்கறோம், சண்ட போடறோம். அது ஒண்ணும் அவ்ளோ மௌனமா இல்ல சார்” என்றார். வந்தவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் பிறகு ஒரு கவிதை அனுப்பினார், தங்கிய அறையின் தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைப் பற்றி. அதைப் போட்டோம். நன்றாகவே இருந்தது. இப்போது உனக்கு வேறு மாதிரி தொல்லைகள் வரும். வாட்ஸப்பில் ஃபார்வர்டு செய்வதுபோல ஒரே கவிதையை எல்லா இதழுக்கும் அனுப்புவார்கள். போனே எழுதிக் கொடுத்த கவிதைகளும் வரும். அவற்றிலும் மலை மௌனமாகத்தான் இருக்கிறது. எதுவாக இருந்தாலும் பதில் போடு. பதிலே வராமல் ஒருவர் காத்திருப்பது, மறுப்பைவிடக் கொடுமை.

ஆசிரியராக இருப்பதும் இதழாசிரியராக இருப்பதும் ஒன்றுக்கொன்று ஆகாது என்பது எனக்குப் புரிய நாளாயிற்று. சுகன்யா என்று ஒரு பெண் பதினோராம் வகுப்பில் என்னிடம் படித்தாள். நிலக்கடலை பிடுங்கும் நாட்களில் பள்ளிக்கூடம் வர மாட்டாள். வந்தால் கை முழுக்க மண் வாசனை அடிக்கும். அவள் ஒரு கவிதை எழுதிக்கொண்டுவந்து வகுப்பில் வாசித்தாள். நான் நன்றாக இருக்கிறது என்றேன். எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். வகுப்பில் அதுதான் சரி. முதல் தடவை வாய் திறக்கிற குழந்தையிடம் வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் அவள் அதையே அழகாக எழுதி இதழுக்கு அனுப்பிவிட்டாள். கவுஸ் சாரும் நானும் படித்தோம், போடும்படியாக இல்லை. இயலவில்லை என்று பதில் போட்டேன். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் முன்னால் வந்து நின்றாள். “அன்னிக்கு கிளாஸ்ல நல்லா இருக்குன்னீங்க. இன்னிக்குப் போட முடியாதுங்கறீங்க. இதுல எது டீச்சர் நெஜம்?” என்று கேட்டாள். அழவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இரண்டும் நிஜம் என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. இப்போது வேலூரில் நர்சாக இருக்கிறாள், எப்போதாவது எழுதி அனுப்புகிறாள். கடைசியாக அனுப்பியது கிட்டத்தட்ட எடுத்துக்கொள்ளும்படி இருந்தது. உன் மாணவர்கள் உன் இதழுக்கு அனுப்பினால் நீ படிக்காதே, நண்பர்களிடம் கொடுத்துவிடு. ஒரே ஆள் இரண்டு முகத்தோடு ஒரு குழந்தை முன்னால் நிற்கக் கூடாது.

கவிஞராக இருப்பதைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. அந்த வேலைக்குத்தான் எனக்கு நேரம் கம்மியாகக் கிடைத்தது. பகல் முழுக்க அடுத்தவர் வரிகளைப் பார்த்துவிட்டு என் வரிக்கு வந்தால், எழுதுவதற்கு முன்பே அடித்துவிடுவேன். என் இதழில் என் கவிதையைப் போடுவதில்லை என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டதால் மற்ற இதழ்களுக்கு அனுப்பிவிட்டு, எனக்கு அனுப்புகிறவர்களைப் போலவே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு பத்திரிகையில் தலைப்பை மாற்றிப் போட்டுவிட்டார்கள். நாள்கணக்கில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “நீ எத்தினி பேரு தலைப்ப மாத்திருக்க? அவங்க வூட்ல எல்லாம் இப்படித்தான் சோறு துண்ணாம கெடந்துருப்பாங்க” என்றார். எனக்கு ரோஷம் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. நீயும் உன் கவிதைகளை வெளியே அனுப்பிக்கொண்டே இரு. திரும்பி வரட்டும். திரும்பி வருவது எப்படி இருக்கும் என்று மறந்துபோனவர்கள் இந்த நாற்காலியில் உட்காரக் கூடாது.

நம் இதழுக்கு நீ இதுவரை ஒன்றும் அனுப்பியதில்லை. ஏன் என்றும் எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் பள்ளி ஆண்டுமலருக்கு எழுதியதை என்னிடம் காட்டினாய். வேலை மும்முரத்தில் கையில் இருந்த பேனாவாலேயே அங்கங்கே அடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.  அதற்குப் பிறகு நீ எதையும் காட்டவில்லை. உன் கவிதைகளை மற்ற இதழ்களில்தான் நான் படித்துக்கொண்டிருந்தேன், ஊரில் எல்லோரையும் போல. அதனால்தான் நீ இப்போது அனுப்பியது எனக்குப் பெரிய விஷயம். மதிப்பிற்குரிய ஆசிரியர் என்று நீ எழுதியது கிண்டலுக்கு இல்லை என்பதும் புரிகிறது. அம்மாவை ஒதுக்கிவிட்டு ஆசிரியரிடம் பேச வந்திருக்கிறாய். ஆனால் கவிதையில் நீ கொண்டுவந்து உட்காரவைத்திருப்பது அம்மாவை.

முதல் தடவை படித்தபோது அந்த இடத்தில் என் பேனா நின்றது. ‘யாரோ எழுதிய கவிதையில் / பிழை பார்த்துக்கொண்டிருந்தாள் அம்மா’ என்ற இடம். அடிக்கலாம் என்று கை போய்விட்டது. ‘இது தேவையா?’ என்று ஓரத்தில் எழுதவும் ஆரம்பித்தேன். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. அடிக்கச் சொல்வது யார்? இத்தனை வருடம் இதழ் நடத்தியவளா, உன்னைப் பெற்றவளா? எவ்வளவு யோசித்தும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வேறு யார் கவிதையாக இருந்தாலும் அந்த வரிக்காகவே அதை எடுத்திருப்பேன் என்பது மட்டும் தெரிந்தது.

இன்னொன்றும் நடந்தது. உனக்கு எழுத உட்கார்ந்தபோது ‘இது அப்படி நடக்கவே இல்லை’ என்றுதான் முதல் வாக்கியம் வந்தது. இந்த வீட்டுக்கு எத்தனை கவிஞர்கள் வந்து போயிருக்கிறார்கள், நீ பார்த்திருக்கிறாய். ஒரு வரி பலவீனமாக இருக்கிறது என்று சொன்னால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள், “மேடம், அது உண்மையிலேயே நடந்தது” என்று. நானும் எல்லோரிடமும் ஒரே பதிலைத்தான் சொல்வேன்: “நடந்துச்சா இல்லையான்னு நான் கேக்கல. படிக்கும்போது நடக்குதான்னுதான் கேக்கறேன்.” உன் கவிதையைப் படிக்கும்போது அது நடக்கிறது. அந்த அறை, பச்சைத் திரை, ஆக்சிஜன் சத்தம், தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண், எல்லாம் நடக்கிறது. நடக்கவில்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனாலும் கவிதைக்கு வெளியே உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதைக் கொண்டு எதையும் மாற்றாதே. நீ வாரக் கடைசியில் மட்டும்தான் வர முடிந்தது. மற்ற நாட்களில் அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். முதல் இரண்டு நாள் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. “இன்னாத்துக்கு என் மூஞ்சியே பாத்துகினு இருக்கற? பையில இன்னாவோ கொண்டாந்துகிறயே, அத்த எடுத்துப் பாரு. நீ தல குனிஞ்சு வேல செய்யறத பாத்தா வூட்ல இருக்கற மாதிரி இருக்குது எனக்கு” என்றார். அதனால்தான் எடுத்தேன். நான் திருத்துவேன், அவர் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவார். நடுவில் விழித்து, யாரு செத்தாங்க என்று சைகையிலேயே கேட்பார். யாரும் சாகவில்லை என்று சொல்வேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்திருந்தது அந்த அறையில்தான்.

நீ பார்த்தது கடைசி மதியத்தை. அன்றைக்கு அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் இல்லை. முகத்தில் மாஸ்க் போட்டிருந்தார்கள், கண் திறக்கவில்லை. நான் கையில் தாளோடு இருந்தேன். காரணம் வேறொன்றும் இல்லை, அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த எழுத்து, அதற்கடுத்த எழுத்து என்று நேரம் போகும். அவ்வளவுதான். அதற்காக நான் வெட்கப்படவில்லை, இன்றைக்கும் இல்லை. ஒவ்வொருவரும் கையில் பழகியதைத்தான் அந்த நேரத்தில் செய்கிறார்கள். நீ வராந்தாவில் நின்று போனில் திரும்பிப் போகிற டிக்கெட்டைக் கேன்சல் செய்துகொண்டிருந்தாய், நானும் பார்த்தேன்.

இனி கவிதைக்கு வருகிறேன். ஒரு படைப்பில் எனக்கும் கவுஸ் சாருக்கும் கருத்து வேறுபட்டால் நாங்கள் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியுமா? தெரியாதென்று நினைக்கிறேன். ஆரம்பத்தில் அவரவருக்குப் பிடித்த கவிதையை அவரவர் வாசித்துக்காட்டி மற்றவரை வழிக்குக் கொண்டுவரப் பார்ப்போம். பிடித்தவர் வாசித்தால் பஸ் டைம்டேபிள்கூடக் கவிதை மாதிரி கேட்கும். அவர் குரலுக்கு மயங்கிச் சில மட்டமான கவிதைகளை ஏற்றுக்கொண்டோம். பிறகுதான் இந்த வழக்கத்தை வைத்துக்கொண்டோம்: யாருக்குப் பிடிக்கவில்லையோ அவர்தான் சத்தமாக வாசிக்க வேண்டும். அப்படி வாசிக்கும்போது பிடிக்காதது கவிதையிலேயே இருக்கிறதா, நம்மிடம் இருக்கிறதா என்று வாய்க்குத் தெரிந்துவிடும். உன் நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பார். இந்த வேலையில் நாங்கள் சொந்தமாகக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் கவிதையை எடுத்துக்கொண்டு கவுஸ் சார் வீட்டுக்குப் போனேன். முதல் நாளே அவருக்கும் அனுப்பியிருந்தேன். “யாருக்குப் பிடிக்கல?” என்று கேட்டார். “எனக்குத்தான் சார்” என்றேன். “அப்ப நீங்கதான் டீச்சர் வாசிக்கணும். பையன் எழுதினதுன்னு ரூல மாத்த முடியாது” என்று சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சாரின் மனைவி, அக்கா, டீ கொண்டுவந்தவர் ட்ரேயோடு அப்படியே நின்றுவிட்டார். நான் வாசித்தேன். அம்மா என்று நீ எழுதியிருந்த இடத்தில் எல்லாம் நானே என்னை அம்மா என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த வரி வந்தது, அதையும் வாசித்தேன்.  விசிறிக் காற்றில் ஒரு தாள் பறந்து கட்டிலுக்கு அடியில் போகிற இடம் வந்தது. நர்ஸ் எடுத்துக்கொடுக்கிறாள், ‘வாங்கி / பக்க எண் பார்த்து அடுக்கிவைத்தாள் அம்மா’ என்று வருகிறதே, அந்த இடத்துக்கு வந்தேன். அந்தப் பெண்மேல் எனக்கே கோபம் வந்தது. இவளுக்கு மனசே இல்லையா என்று இருந்தது. அவ்வளவு சரியாக எழுதியிருக்கிறாய்.

அதற்கு மேல் மூன்று வரி இருந்தது. ‘எல்லோரும் எதையோ பிடித்துக்கொண்டுதான் / கரையேறுகிறோம் / உன்னை மன்னித்துவிட்டேன் அம்மா.’ அதை வாசித்தபோது எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனது. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், நீயும் அதற்காகத்தான் எழுதியிருக்கிறாய். வரவில்லை.

கவுஸ் சார் கண்ணைத் திறக்கவில்லை. “இது இப்படி நடக்கல சார். அவர்தான் என்னை வேல செய்யச் சொன்னாரு” என்று நான்தான் முதலில் சொன்னேன். “நடந்துச்சான்னு யாரு டீச்சர் கேட்டா?” என்றார் அவர். அக்கா மட்டும், “அவங்க சொல்லட்டும், விடுங்களேன்” என்றார்.  பிறகு அவர், “பக்க எண் பாத்து அடுக்கறாங்களே, அங்கயே முடிஞ்சுபோச்சு. கடைசி மூணு வரி எதுக்கு? எனக்கு இன்னா தோணுதுன்னா, அதுவரைக்கும் நல்லா எழுதிகினு வந்தவனுக்கு, இத அம்மா படிப்பாங்களேன்னு திடீர்னு ஞாபகம் வந்துடுச்சு. பயந்துட்டான்” என்றார். நான் வாசிக்கும்போது எனக்கு எங்கே ஒன்றும் ஆகவில்லையோ அதே இடத்தை அவரும் தொட்டார். அப்போதுதான் எனக்கு நிம்மதியாயிற்று. அந்த மூன்று வரியை அடிக்கச் சொல்வது அம்மா மட்டும் இல்லை.

ஆகவே முடிவு இது. உன் கவிதையை அடுத்த இதழில் போடுகிறோம். பிழை பார்த்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே இருப்பாள். பக்க எண் பார்த்து அடுக்குகிறவளும் இருப்பாள். அதோடு கவிதை முடிகிறது. கடைசி மூன்று வரிகளை எடுக்கச் சொல்கிறேன். உன்னைக் கேட்காமல் எடுக்க மாட்டேன், ஆண்டுமலர் கதை இன்னொரு தடவை வேண்டாம். உனக்குச் சம்மதம் இல்லையென்றால் எழுது, அந்த வரிகளுக்காகச் சண்டை போடு, நம் வழக்கப்படி நான் மறுபடி வாசித்துப் பார்க்கிறேன். கவிதையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இருந்தாலும் வேறு எங்காவது அனுப்பு, பெட்டிக்குள் வைத்துக்கொள்ளாதே. அந்த மூன்று வரி ஏன் வேண்டாம் என்று ஆசிரியராகச் சொல்லிவிட்டேன். அம்மாவாகச் சொல்ல வேண்டும் என்றால், நீ இன்னும் என்னை மன்னிக்கவில்லை. கவிதை முழுக்கக் கோபமாக இருக்கிறாய். அந்தக் கோபம் உண்மையானது, அதனால்தான் கவிதையும் நன்றாக இருக்கிறது. நடக்காத மன்னிப்பை எனக்குக் கொடுக்காதே. நான் கேட்கவும் இல்லை. கோபம் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும், அதோடு வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிரு, அது போதும்.

இனி யாரைப் பற்றி எழுதினாலும், எழுதும்போது அவர்கள் படிப்பார்களே என்ற நினைப்பு வரும். உன் இதழுக்கு வருகிற கவிதைகளிலும் அந்த இடம் உனக்குத் தெரியும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று நல்ல பிள்ளையாகிவிடும். அவர்களிடம் நீ என்ன சொல்வாயோ எனக்குத் தெரியாது. உன்னிடம் நான் சொல்வது இவ்வளவுதான். இதைப் படித்தால் அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று பயந்தாய் அல்லவா? படித்தேன். அழுதேன். மறுநாள் காலை பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போனேன். இவ்வளவுதான் ஆகும். அடுத்ததை எழுது.

அம்மா